மெர்சி எந்தக் கட்டிலில் செத்தாள்?

1

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பதினொரு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் ஒரே பொய்யைச் சொல்லி வருகிறேன். அது தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டதால்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். கலைத் தாகம் என்றெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

பாஸ்டனிலிருந்து ரயில் தூரத்தில், ஹார்லோ என்ற சிற்றூரில், மேட்டுத் தெருக் கோடியில் இருக்கும் வாட்லி வீட்டில் நான் வழிகாட்டி. சம்பளம் கிடையாது, சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லை உண்டு. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் டிரைஃபீனா வாட்லி இந்த வீட்டில் உட்கார்ந்துதான் 'மேட்டு வீட்டு மூவர்' நாவலை எழுதினாள். மூன்று சகோதரிகளின் கதை. இந்தப் பக்கத்தில் அதைப் படித்து அழாமல் வளர்ந்த பெண்கள் குறைவு. ஆண்கள் படித்துவிட்டுக் கண்ணில் தூசி என்பார்கள். வருகிறவர்கள் அவள் எழுதிய மேசையைப் பார்ப்பதில்லை, மைக்கூட்டைப் பார்ப்பதில்லை. படியேறும்போதே கேட்பது ஒன்றுதான்: "மெர்சி எந்தக் கட்டிலில் செத்தாள்?"

மெர்சி அந்த நாவலின் கடைசித் தங்கை. முப்பத்தோராம் அத்தியாயத்தில் நோய்ப்பட்டு, ஜன்னல் வழியே ஆப்பிள் மரத்தைப் பார்த்தபடி கண்ணை மூடுவாள். நான் எல்லாரையும் மாடிக் கிழக்கு அறைக்குக் கூட்டிப்போய், வெள்ளை விரிப்புப் போட்ட கட்டிலைக் காட்டி, குரலைக் கொஞ்சம் இறக்கி, "இதோ" என்பேன். அழுவார்கள். அழுது முடித்துக் கீழே போய் அஞ்சலட்டை வாங்குவார்கள்.

உண்மை என்னவென்றால், மெர்சிக்கு மூலமான கெசியா வாட்லி அந்தக் கட்டிலில் சாகவில்லை. ரொம்ப காலத்துக்கு எந்தக் கட்டிலிலும் சாகவில்லை. எழுபத்தெட்டு வயசுவரை, பெரும்பாலான பற்களோடு, குத்துக்கல்லாக இருந்தாள்.

போன அக்டோபரில் ஒஹையோவிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். கட்டில் முன்னால் மண்டியிட்டார். மண்டியிட்டவரால் எழுந்திருக்க முடியவில்லை, முட்டி பிடித்துக்கொண்டது. அக்குளில் கைகொடுத்து அவரைத் தூக்கும்போது எனக்கு மனசு உறுத்தியது. நல்ல மனுஷர், ஒரு பொய்க்காக முட்டி போயிற்று.

ஆகவே நடந்ததைச் சொல்கிறேன். நடந்ததில் எனக்குத் தெரிந்தது ஒரு கைப்பிடி. மீதியை நானே போட்டு நிரப்புகிறேன். எது எது என்று கேட்கக் கூடாது.

2

தொடக்கம், முதல் முயற்சி:

1868ஆம் வருஷம் மே மாதம், ஆப்பிள் மரங்கள் பூத்துக் குலுங்கிய ஒரு—

அடித்துவிட்டேன். மரம் பூத்துத் தொடங்கும் கதையில் இரண்டாம் பக்கத்துக்குள் யாராவது பெருமூச்சு விட்டாக வேண்டும். என்னால் அதற்குப் பொறுப்பேற்க முடியாது.

இரண்டாம் முயற்சி:

தங்கையைக் கொல்வதென்று டிரைஃபீனா காலைச் சாப்பாட்டுக்கு முன்பே முடிவு செய்திருந்தாள்.

இது எனக்குப் பிடித்திருந்தது. என் மனைவியிடம் காட்டினேன். படித்துவிட்டு, "போலீஸ் எப்ப வரும்?" என்றாள். அதையும் அடித்தேன்.

மூன்றாம் முயற்சி, வேறு வழியில்லாமல் நேராக:

டிரைஃபீனாவுக்கு முப்பத்து நாலு வயசு. அக்கா லொவீனா கல்யாணமாகி வூஸ்டரில் இருந்தாள். தகப்பனும் தாயும் போய்ச் சேர்ந்தபின் மேட்டு வீட்டில் டிரைஃபீனாவும் தங்கை கெசியாவும் மட்டும்தான். டிரைஃபீனா எழுதினாள், கெசியா மற்ற எல்லாவற்றையும் செய்தாள். விறகு பிளப்பது, ரொட்டி சுடுவது, கூரையில் ஓட்டை அடைப்பது, தெற்குச் சுவரோரம் ஆறு பெட்டிகளில் தேனீ வளர்ப்பது. ஆள் ஐந்தடி ஆறரை அங்குலம். பேசினால் ரெண்டு வீடு தள்ளிக் கேட்கும். காலைச் சாப்பாட்டுக்கு முழு ஆப்பிள் பை ஒன்றைத் தனியாளாக முடிப்பாள்.*

அந்த மே மாதம் பாஸ்டன் பதிப்பாளர் குவிம்பியிடமிருந்து கடிதம் வந்தது. நாவல் பிரமாதம், ஆனால் கடைசித் தங்கை கடைசிவரை சும்மாவே இருக்கிறாளே, வாசகர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒரு பெண்ணின் கதை ஒன்று கோயிலுக்குள்ளே முடிய வேண்டும், இல்லாவிட்டால் கோயிலுக்குப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் முடிய வேண்டும். எது என்று முடிவுசெய்து வியாழக்கிழமை ரயிலில் அத்தியாயத்தை அனுப்பவும்.

டிரைஃபீனா இரண்டு நாள் யோசித்தாள். கல்யாணம் பண்ணி வைத்தால் கெசியா ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டாள். சாகடித்தால் ஒருவேளை மன்னிப்பாள். கெசியா அப்போது லொவீனாவுக்குக் குழந்தை பிறந்திருந்ததால் உதவிக்கு வூஸ்டர் போயிருந்தாள். ஆள் ஊரில் இல்லாதபோது கொல்வது சுலபமாக இருந்தது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் டிரைஃபீனாவை உறுத்தியது. உலகத்தில் அவளுக்கென்று மிச்சமிருந்த ஒரே ஆள் கெசியா. அவள் கோபித்துக்கொண்டு வூஸ்டரிலேயே தங்கிவிட்டால் இந்த வீட்டில் பேச்சுத் துணைக்குக் கடிகாரம்தான்.

(* இந்தக் கதையில் பை என்று வந்தால் தின்பது. தூக்கிக்கொண்டு போவது அல்ல. மாவுக்குள் பழத்தை வைத்துச் சுட்டது. இங்கே பிறப்பு, இறப்பு, தேர்தல் எதுவானாலும் பை உண்டு.)

3

புதன்கிழமை மதியம் தையல் சங்கம். கோயில் பின்கட்டில் பதினாலு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, வெளிநாட்டு மிஷனுக்குக் கம்பளிப் பாவாடை தைப்பார்கள்.** கை வேலை செய்யும்போது காது சும்மா இருக்கக் கூடாதென்று ஒருத்தி எதையாவது வாசிக்க வேண்டும். அன்றைக்கு டிரைஃபீனாவின் முறை.

முப்பத்தோராம் அத்தியாயத்தைக் கொண்டுபோயிருந்தாள். அவளுக்கு ஒரு பழக்கம். எழுதும்போது நிஜப் பெயரையே போட்டு எழுதுவாள்; அச்சுக்குப் போகும் முன்தான் கெசியாவை மெர்சியாக்குவாள். மெர்சி என்று எழுதினால் அவளுக்கு முகம் வராது. பதினாலு பேருக்கும் இது தெரியும். அதனால் "கெசியா" என்று வாசித்தபோது யாரும் திடுக்கிடவில்லை. மும்முரமாக அழுதார்கள்.

"கெசியா ஆப்பிள் மரத்தைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடினாள். விடிந்தபோது அவள் இல்லை."

அந்த நேரம் பார்த்துத்தான் மெஹிட்டபெல் கிராண்டல் கதவைத் திறந்தாள்.

(** எந்த நாட்டு மிஷன் என்று குறிப்பு இல்லை. மதுரைப் பக்கம் போய்ச் சேர்ந்ததாக நினைத்துக்கொள்ள எனக்கு ஆசை. சித்திரை வெயிலில் கம்பளிப் பாவாடை.)

4

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். மெஹிட்டபெல்லை நான் நம்பவில்லை. சரியாக அந்த வாக்கியத்துக்குக் கதவைத் திறப்பது எழுத்தாளன் தள்ளிவிட்டு வருகிற ஆள் செய்யும் வேலை. அவளை ஐந்து நிமிஷம் முன்னால் வரவைத்துப் பார்த்தேன்; கதை அங்கேயே படுத்துவிட்டது. பின்னால் வரவைத்தேன், நமக்குக் கதையே இல்லை. எனவே அவள் மாடு அன்று காலை கன்று போட்டது, அதனால் தாமதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாட்டைச் சந்தேகப்படாதீர்கள்.

அறுபது வயசுக்காரி. அடுத்த வீடு. ஊரே அவளை ஹிட்டி அத்தை என்று கூப்பிடும். சங்கத்துக்கு அவள் புதுசு. முன்பெல்லாம் கதை வாசிப்பது பாவம் என்று வராமலே இருந்தவள். அவளுக்குத் தெரிந்தவரை கதை என்றால் அச்சடித்த புத்தகம்; தாளைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி வாசித்து எல்லாரும் அழுதால் அது கடிதம். கெசியா வூஸ்டரில் இருக்கிறாள். ஆகவே—

அவள் உள்ளே வரவே இல்லை. கதவை மெல்லச் சாத்தினாள். ஒரு சாவு விழுந்தால் முதலில் செய்ய வேண்டியது என்ன என்று ஹார்லோவில் ஒவ்வொருத்திக்கும் தெரியும். அழுகை அப்புறம். பை அப்புறம். முதலில் தேனீக்களுக்குச் சொல்ல வேண்டும்.

5

வீட்டில் ஒருவர் செத்தால் பொழுது சாய்வதற்குள் தேனீக்களிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் மனம் நொந்து கூட்டத்தோடு கிளம்பிவிடும். ஹிட்டி அத்தை வாட்லி வீட்டுச் சமையற்கட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு, தெற்குச் சுவரோரம் போய், வழக்கப்படி ஒவ்வொரு பெட்டியையும் சாவியால் மூன்று தரம் தட்டினாள்.

"கெசியா போயிட்டா. உங்களைப் பாத்துக்கிட்டவ போயிட்டா. நீங்க போயிடாதீங்க, கண்ணுங்களா. ஃபீனாவுக்கு ரொட்டி சுடக்கூடத் தெரியாது. நீங்களும் இல்லேன்னா அவ என்ன பண்ணுவா."

ஆறு பெட்டிக்கும் ஆறு தரம் சொன்னாள். தன் கறுப்புப் பாவாடையின் உள்மடிப்பைக் கிழித்து ஆறு துண்டாக்கி ஒவ்வொன்றிலும் கட்டினாள். பிறகுதான் உட்கார்ந்து அழுதாள். கெசியா அவள் தோளில் வளர்ந்த பிள்ளை. அந்த அழுகையில் கேலிக்கு இடமில்லை.

அழுது முடித்தவுடன் தெருவுக்குச் சேதி சொல்லிவிட்டு மாவு பிசையப் போனாள்.

6

டிரைஃபீனா கோயிலில் பாராட்டை மிச்சம் வைக்காமல் வாங்கிக்கொண்டு, ஐந்தரை மணிக்குத்தான் வீட்டுக்கு வந்தாள். சமையற்கட்டில் தெருவே நின்றது. எல்லாரும் சங்கத்துக்குப் போகாதவர்கள். மேசையில் ஏழு பைகள். வாசலில் அமாசா பெட்டன்கில் தோளில் பைன் பலகையோடு நின்றான். அவன் ஊர்த் தச்சன்; சவப்பெட்டி செய்வதும் அவன்தான்.

ஒரு பெண் அவளைக் கட்டிக்கொண்டு, "எப்படித்தான் தாங்கினியோ, ஃபீனா" என்றாள்.

இது என்னவென்று டிரைஃபீனா நினைத்தாள் என்கிறீர்கள்? எழுத்தாளர்கள் எதை நினைப்பார்களோ அதைத்தான். அத்தியாயத்தின் புகழ் தனக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்துவிட்டது என்று நினைத்தாள்.

"மூணு நாள் தூங்கல" என்றாள் அடக்கமாக.

"கஷ்டப்பட்டுப் போச்சா?"

"முதல்ல ரொம்ப இழுத்துது. அப்புறம் ஒரே மூச்சுல முடிச்சிட்டேன்."

அந்தப் பெண் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"அளவு எடுக்க வேணாம்" என்றான் வாசலிலிருந்து அமாசா. கண் சிவந்திருந்தது. "கைவசம் இருந்த பெட்டி ரெண்டு அங்குலம் குட்டை. புதுசா அறுத்திருக்கேன். அஞ்சடி ஆறரை."

"எதுக்கு?" என்றாள் டிரைஃபீனா.

அமாசாவுக்கு அந்த உயரம் எப்படித் தெரியும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். பதினொரு வருஷமாக அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் கெசியாவுக்கு நேர்பின்னால் உட்கார்ந்து கும்பிட்டவன். [இந்த ஆளை முழுக்க நானே செய்தேன். காதல் இல்லாத கதையை யாரும் படிப்பதில்லை என்று ஒரு பயம். குவிம்பி நம் எல்லாருக்குள்ளும் இருக்கிறான்.]

7

ஐந்தரை ரயில். ஒரு கையில் பயணப் பெட்டி, மறு கையில் லொவீனா கொடுத்த உயிர்க் கோழி. கெசியா மேடேறி வந்தாள்.

முதலில் கண்ணில் பட்டது தேனீப் பெட்டிகள். ஆறிலும் கறுப்பு.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரிந்த அளவுக்கு அதைப் படிக்கவும் தெரியும். இந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர். ஒருத்தி இங்கே நிற்கிறாள். கோழி கைநழுவிப் போனது. பெட்டி விழுந்து திறந்துகொண்டது. "அக்கா, அக்கா" என்று கத்திக்கொண்டு ஓடினாள். ரெண்டு வீடு தள்ளிக் கேட்கும் குரல் அன்று ஆறு வீடு தள்ளிக் கேட்டது. சமையற்கட்டில் புகுந்தவள், யாரோ கொண்டுவந்த டோநட்டில் பாதியை வாயில் வைத்து நின்ற டிரைஃபீனாவை இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள்.

"உசுரோடதான் இருக்கியா?"

டிரைஃபீனா தலையை ஆட்டினாள். பாதி டோநட், பாதி பயம்.

கெசியா மூச்சு வாங்கினாள். கண்ணைத் துடைத்தாள். சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். மேசையைப் பார்த்தாள். ஏழு பை.

"அப்ப யாரு செத்தது?"

ஹிட்டி அத்தைதான், பொய் சொல்லிப் பழக்கமில்லாததால், சொன்னாள்: "நீதான்மா."

"எப்போ?"

"மதியம் ரெண்டு மணிக்கு."

கெசியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டிரைஃபீனா டோநட்டை விழுங்கிவிட்டு, தையல் சங்கம், முப்பத்தோராம் அத்தியாயம், கடிதம், குவிம்பி என்று தலைகீழ் வரிசையில் சொல்லி முடித்தாள். அமாசா பலகையைக் கீழே இறக்கி அதன்மேல் உட்கார்ந்துவிட்டான். கெசியாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான்.

கெசியா கேட்டது ஒன்றுதான்: "என்னைக் கேட்டியா?"

"இல்ல."

"சரி" என்றாள் கெசியா. அதட்டியிருந்தால் டிரைஃபீனா தப்பித்திருப்பாள்.

8

ஹிட்டி அத்தைக்கு வேறு கவலை. "சொன்னதைத் திருப்பி வாங்க முடியாதே. பூச்சிங்களுக்கு ஒரு தடவை சொன்னா சொன்னதுதான். பொய் சொன்ன வீட்டுல அதுங்க தங்காது."

"நான் போய்ச் சொல்லிக்கறேன்" என்றாள் கெசியா.

"நீ செத்தவ. நீ சொல்லக் கூடாது."

"வேற வழியே இல்லையா அத்தை?"

ஹிட்டி அத்தை யோசித்தாள். ஹார்லோவில் தேனீக்களுக்கு இரண்டே சேதிதான் சொல்வது வழக்கம். சாவு ஒன்று. மற்றது கல்யாணம், வீட்டில் மணமகள் வந்தால் கறுப்பை அவிழ்த்து வெள்ளையைக் கட்டி, ஒரு துண்டு கேக்கை வைத்து, இன்னார் வந்திருக்கிறாள் என்று அறிமுகம் செய்வார்கள். "மணப்பொண்ணா வந்தா ஏத்துக்கும்" என்றாள்.

எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள். அமாசா எழுந்து நின்றான். தொப்பியைக் கழற்றினான். "தேனீக்காகன்னா," என்றான், "எங்கிட்ட ஒரு நல்ல கோட்டு இருக்கு."

இரண்டாம் வரைவில் நான் இவர்களுக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டேன். வெள்ளை நாடா, கேக், தேனீக்கள் ரீங்காரம், எல்லாம். எனக்கே கண் கலங்கியது. மனைவியிடம் கொடுத்தேன். படித்தாள்.

"அந்தப் பொண்ணு என்ன சொன்னா?"

"எந்தப் பொண்ணு?"

"கட்டிக்கப் போறவ. அவ வாயே தொறக்கலையே இதுல. இதுக்குக் குவிம்பியே தேவலை, ரெண்டு வழி குடுத்தான். நீங்க ஒண்ணுதான் குடுக்கறீங்க."

கிழித்துவிட்டேன். எனவே இப்போது கெசியா வாயைத் திறக்கிறாள்:

"அமாசா, பெட்டிப் பலகை நல்லா வந்திருக்கா?"

"இன்னும் இழைச்சுச் சேக்கணும்."

"பெட்டியாச் சேத்துக் கொண்டு வா. தேன் பாட்டில் அடுக்க எடம் இல்லாமத் திண்டாடறேன். கோட்டை ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போட்டுட்டு வா. அதுக்கு மேல ஒண்ணும் இப்ப கேக்காத."

அமாசாவுக்கு இதுவே பதினொரு வருஷத்தில் கிடைத்த நீளமான பதில். சந்தோஷமாகப் போனான்.

கெசியா தெற்குச் சுவரோரம் போனாள். சாவி எடுக்கவில்லை, கையாலேயே தட்டினாள். "நான்தான். சாகவும் இல்ல, கல்யாணமும் இல்ல. வேலையப் பாருங்க." கறுப்புத் துணியை அவிழ்த்தாள். ஒரு தேனீ அவள் மூக்கில் கொட்டியது.

"பாத்தியா, நம்பல" என்றாள் ஹிட்டி அத்தை.

ஆறில் ஐந்து கூட்டம் தங்கின. ஒன்று மறுநாள் கிளம்பிப் போனது. கொள்கைப் பிடிப்புள்ளவை எங்கேயும் உண்டு.

9

தெரு கலைந்தது. துக்கத்துக்கு வந்த பையைத் திருப்பிக் கொடுப்பது வழக்கமில்லை, அதனால் ஏழும் மேசையிலேயே இருந்தன. மூக்கு வீங்கிய கெசியா ஒன்றைத் தன் முன்னால் இழுத்துக்கொண்டு, மறு கையை நீட்டினாள்.

"குடு."

டிரைஃபீனா அத்தியாயத்தைக் கொடுத்துவிட்டு அடுப்பருகே நின்றாள். காலையில் ரயிலில் போக வேண்டியது. கெசியா கிழித்து அடுப்பில் போட்டாலும் தடுக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தாள்.

கெசியா தின்றுகொண்டே படித்தாள். "'மெல்லிய வெண்கரங்கள்'. எது, இதுவா?" கையைத் திருப்பிப் பார்த்தாள், விறகுக் காய்ப்பு. "'பறவைபோல் கொறித்தாள்'. எந்தப் பறவை, வான்கோழியா? 'குறைசொல்லி அறியாதவள்'. போன வாரம் முழுக்க உன் பூட்ஸைப் பத்தித் திட்டினேனே."

"குவிம்பிக்காக."

"குவிம்பி தலையில இடி விழ."

தாளைப் புரட்டினாள். சிரித்தாள். இன்னொன்று புரட்டினாள். பிறகு முள்கரண்டி நின்றது.

அந்தப் பக்கத்தில் டிரைஃபீனா கதை சொல்வதை மறந்திருந்தாள். "அவர்கள்", "அக்கா" எல்லாம் போய் "நான்" என்று எழுதிவிட்டிருந்தாள்.

'ஏழு குளிர்காலமாக விடியலில் என் மேசைக்கடியில் துணி சுற்றிய சூடான செங்கல் ஒன்று இருக்கும். வைப்பவள் சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போவாள். நான் திரும்பிப் பார்த்ததில்லை. பார்த்தால் எதையாவது சொல்ல வேண்டியிருக்கும். எங்கள் வீட்டில் யாருக்கும் அது வராது. என் கால் விறைத்திருந்தால் ஒரு வரியும் எழுதியிருக்க மாட்டேன். எனக்கு எழுத வருகிறது என்று உலகத்தில் முதலில் நம்பியவள் அவள். அவளுக்குக் கதை பிடிக்காது. என்னைப் பிடிக்கும்.'

கெசியா அதை இரண்டாம் தரம் படித்தாள்.

"செங்கல் நான் வெக்கறது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நீ எழுதற மும்முரத்துல, அது பாட்டுக்குச் சூடா இருக்குன்னு நெனச்சிருப்பேன்னு நெனச்சேன்."

"செங்கல் எப்படிடி தானா சூடாகும்?"

"ஏழு வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீயும்தான் சொல்லல."

"நான் சொல்லல, செஞ்சேன்." கெசியாவின் குரல் முதல் தடவையாகப் பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் வந்தது. "இதைச் சொல்றதுக்கு நான் சாகணுமாக்கா?"

டிரைஃபீனா அழுதாள். எழுதும்போது அழுத அழகான அழுகை இல்லை. மூக்கு ஒழுகுகிற அழுகை. பேனாவை எடுத்துக்கொண்டு வந்து, "அடிச்சுடறேன். சாவே வேணாம். குவிம்பி எக்கேடோ கெட்டுப் போகட்டும்" என்றாள்.

கெசியா தாளின்மேல் கையை வைத்தாள்.

"வேணாம். சாவை எடுத்தா இந்தப் பக்கமும் நிக்காது. உசுரோட இருக்கிறவளைப் பத்தி இப்படி எழுதினா ஊரு சிரிக்கும். அச்சுல செத்துக்கறேன், எனக்கொண்ணும் இல்ல. ஆனா ஒண்ணு."

"என்ன?"

"தையல் சங்கத்துக்கு வாசிச்சே. பதினாலு பொம்பளைங்க கேட்டாங்க, கதவுக்கு அந்தப் பக்கம் ஹிட்டி அத்தை கேட்டா. அவ சொல்லிப் பூச்சிங்க கேட்டுது. யாரைப் பத்தி எழுதினியோ அவ மட்டும் கேக்கல. எனக்கு வாசி."

"இப்பத்தானே படிச்சே."

"கண்ணால படிச்சேன். வாயால சொல்லு. என் மூஞ்சியப் பாத்து."

10

டிரைஃபீனா தாளை எடுத்தாள். எதிரே உட்கார்ந்தாள். செங்கல்லிலிருந்து தொடங்கினாள். முதல் வரியை இரண்டு தரம் தொடங்க வேண்டியிருந்தது, கெசியா காத்திருந்தாள். வாசித்தாள். 'என்னைப் பிடிக்கும்' என்ற இடத்தில் தாளுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தாள். கெசியா தாளை விரலால் இறக்கிவிட்டாள். வாசித்தாள். காய்ச்சல், ஜன்னல், ஆப்பிள் மரம் எல்லாம் வந்தாயிற்று. கடைசி வரி ஒன்றுதான் பாக்கி. 'விடிந்தபோது அவள் இல்லை.'

அச்சில் அப்படித்தான் இருக்கிறது. இந்த நாட்டில் பாதிப் பேருக்கு அது மனப்பாடம். அன்று சமையற்கட்டில் டிரைஃபீனா அந்த வரியை எப்படி வாசித்தாள் என்று எங்கும் குறிப்பில்லை.

நான் ஒரு தடவை, உள்ளது உள்ளபடி வாசித்தாள், ரெண்டு பேரும் சிரித்துவிட்டார்கள் என்று எழுதினேன். அந்தச் சிரிப்பு என் காதில் விழவில்லை, அடித்தேன். அந்த வரிக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டாள் என்று எழுதினேன். கெசியா விடமாட்டாள், அடித்தேன். வரியை மாற்றி அவள் வேறென்னவோ சொன்னாள் என்று எழுதி, அந்த வேறென்னவோவுக்கு மூன்று வாரம் முட்டி மோதினேன். அகப்பட்டதையெல்லாம் உரக்கச் சொல்லிப் பார்த்தேன். எல்லாம் அச்சுக்கு லாயக்கான வார்த்தைகள்; எதிரே ஆள் இருக்கும்போது சொல்லும் வார்த்தை ஒன்றுகூட இல்லை. எனக்கும் ஒரு தங்கை இருக்கிறாள் என்பதை மட்டும் இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

ஆக, இந்த வரியை நான் எழுதப்போவதில்லை. தாள் உங்கள் கையில். கெசியா எதிரே, வீங்கின மூக்கோடு, முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மெல்லச் சொன்னாலும் பரவாயில்லை, அவள் கிட்டத்தில்தான் இருக்கிறாள்.